யார் நம்மவர்: ஒரு துப்பாக்கிச்சூடும் ஒரு மருத்துவச் சட்டமும்

ஒரு பையன் சுட்டுக்கொல்லப்படுவதற்கும், ஏழைகளின் மருத்துவச் செலவை அரசு ஏற்பதற்கும் தர்க்கரீதியாக எந்த உறவும் இல்லை. ஆனாலும் அமெரிக்காவில் முதலாவதைப் பற்றி ஒருவர் நினைப்பது தெரிந்தால், இரண்டாவதைப் பற்றி என்ன சொல்வார் என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். 'அவனவன் கட்சி சொல்றத அவனவன் சொல்றான், இதுல என்ன ஆராய்ச்சி?' என்று கேட்பார்கள். கட்சி இவ்விரண்டையும் எந்தக் கயிற்றால் கட்டுகிறது என்பதே என் கேள்வி.

2012 பிப்ரவரி 26 அன்று ஃப்ளோரிடா மாநிலத்தின் சான்ஃபோர்டில், 17 வயதுக் கறுப்பினச் சிறுவன் ட்ரேவான் மார்ட்டினைக் குடியிருப்புக் காவல் தொண்டர் ஜார்ஜ் ஜிம்மர்மன் சுட்டுக்கொன்றார். சிறுவனிடம் ஆயுதம் இல்லை. தற்காப்புக்காகச் சுட்டேன் என்றார் ஜிம்மர்மன். ஆறு வாரத்துக்கு மேல் கைது இல்லை. மார்ச் 23 அன்று குடியரசுத் தலைவர் ஒபாமா, தனக்கொரு மகன் இருந்தால் ட்ரேவானைப் போல இருப்பான் என்ற பொருளில் பேசினார். குடியரசுக் கட்சியின் நியூட் கிங்ரிச் அன்றே அதைக் கண்டித்தார். அதன்பின் அந்த மரணம் ஒரு கட்சிப் பிரதியாக வாசிக்கப்படலாயிற்று. 2013 ஜூலையில் ஜிம்மர்மன் விடுதலையானார். ப்யூ ஆய்வு மையத்தின் கணிப்பில் கறுப்பர்களில் 86 விழுக்காட்டினரும் வெள்ளையரில் 30 விழுக்காட்டினரும் தீர்ப்பில் அதிருப்தி தெரிவித்தார்கள். கட்சிவாரியாகவும் பிளவு ஆழமாகவே இருந்தது.

அந்தப் பேச்சுக்குச் சரியாக ஈராண்டு முன்பு, 2010 மார்ச் 23 அன்று, மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் ஒபாமா கையெழுத்திட்டார். அன்றே அதை எதிர்த்து நீதிமன்றம் போனது அதே ஃப்ளோரிடா. 2012 ஜூனில் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. ஏழைகளுக்கான மெடிக்கெய்டு உதவியை விரிவாக்கும்படி மாநிலங்களை நிர்ப்பந்திக்க முடியாது என்றும் சொன்னது. 2014 முதல் 2016 வரை விரிவாக்கச் செலவு முழுவதையும் மைய அரசே தரும், பிறகும் 90 விழுக்காட்டுக்குக் குறையாது என்றிருந்தும் ஃப்ளோரிடா மறுத்துவிட்டது.

அரசின் கை நீளக்கூடாது என்பது அங்கே பழைய, நேர்மையான வாதம்தான். கிளின்டன் காலத்துத் திட்டமும் 1994-ல் தோற்றது. ஆனால் அரசியல் ஆய்வாளர் மைக்கேல் டெஸ்லர் 2012-ல் வெளியிட்ட கட்டுரை வேறொன்றையும் காட்டுகிறது. 1993-94ஐவிட 2009-ல் மருத்துவம் பற்றிய கருத்துகள் இனம் பற்றிய மனப்பான்மையோடு இறுகப் பிணைந்திருந்தன. ஒரே யோசனையைக் கிளின்டனுடையது என்று சொன்னபோதைவிட ஒபாமாவுடையது என்று சொன்னபோது அந்தப் பிணைப்பு வலுத்தது.

இங்குதான் கயிறு தெரிகிறது. இரண்டு சொல்லாடல்களிலும் பேசப்படாமல் இயங்கும் குறிப்பான் 'நம்மவர்'. எவருடைய அச்சத்தை நாம் நம்புவது, எவருடைய நோய்க்கு நாம் செலவழிப்பது என்பதை அதுவே தீர்மானிக்கிறது. நியாயமான அச்சம் இருந்தால், பின்வாங்காமல் சுடலாம் என்று 2005-ல் சட்டமியற்றிய மாநிலம் ஃப்ளோரிடா. குடிமகனின் பயத்தைச் சான்றாக ஏற்ற அரசு, அவனுடைய வியாதியை உரிமைக்கோரிக்கையாக ஏற்கவில்லை.

எதிர்ப்பவர் எல்லோரும் இனவெறியர் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். தனிமனித மனசைத் துருவுவதில் எனக்கு ஆர்வமில்லை. கவனிக்க வேண்டியது விளைவை: மறுக்கப்பட்ட மெடிக்கெய்டு அட்டை கறுப்பர்களுடையது மட்டுமில்லை, வெள்ளை ஏழைகளுடையதும்தான். 'அவங்களுக்குப் போயிடுமே' என்ற கவலையில் தன் மருந்தையும் சேர்த்து வேண்டாமென்று வாக்களிக்கிறவனைக் கருத்தியல் ஏமாற்றிவிட்டது என்று மட்டும் சொன்னால் போதாது. 'நம்மவர்' என்ற இடம் அவனுக்கு மருந்தைவிடப் பெரிய சொத்தாக எப்படி ஆனது என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்வியைத் தொடாமல் செலவுக் கணக்கை மட்டும் விளக்கிக்கொண்டிருப்பவர்கள் யாரையும் கட்சி மாற்றப்போவதில்லை.