கடைசி நாள் கடைவீதி

வெளிநாடு சென்று திரும்புகிறவனுடைய முகத்தைவிட அவனுடைய பெட்டியையே ஊரார் முதலில் நோக்குகின்றனர் என்பது நம் சங்கத்து அன்பர்கள் அறியாத செய்தியன்று. உதியன்குளங்கரைப் பக்கத்தில் வளைகுடாவுக்கு ஒருவரையேனும் அனுப்பாத தெரு அரிது. நானோ ரயில்வேயில் ஒரு சாதாரண குமாஸ்தா. எங்களுக்குக் கிடைக்கும் இலவசப் பாஸ் கடலைக் கண்டதும் நின்றுவிடும். சென்னை எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கி, தனுஷ்கோடியில் கப்பலேறி, கொழும்புக்கே போய்ச் சேர்ந்த காலம் ஒன்று இருந்தது. 1914இல் தொடங்கிய அவ்வழியை 1964 டிசம்பர்ப் புயல் அழித்தது. ஆகவே, 2024 மே விடுமுறையில் என் மனைவி மக்களுடன் திருவனந்தபுரத்தில் விமானமேறித்தான் கொழும்பு சென்றேன். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்.

புறப்படும்போது என் மாமியார் ஒன்றே ஒன்று கேட்டார். "மாப்பிள்ளை, அட்டன் பக்கத்துத் தேயிலை கொஞ்சம் கிடைத்தால் கொண்டுவாருங்கள், மற்றொன்றும் வேண்டாம்."

அவர் அட்டனுக்கு அருகில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத்து இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவேண்டுமென்று வகுத்தது. அந்தக் கணக்கில் ஒருவராக, 1973இல், பன்னிரண்டு வயதில், தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாமுக்கு வந்தார். பிறகு புனலூர்ப் பக்கத்தில் தாயகம் திரும்பியோருக்கென ஏற்படுத்தப்பட்ட ரப்பர்த் தோட்டத்தில் பெற்றோருடன் குடியேறினார். கொழுந்து பறித்த குடும்பம் பால் வெட்டும் குடும்பமாயிற்று.

ஐந்து நாள் பயணத்தில் நான்கு நாளும் அத்தேயிலை என் நினைவில் இருந்தது, கையில் வரவில்லை. கண்டிக்கு ரயிலில் சென்றபோது பேராதனைச் சந்திப்பில் அட்டன் செல்லும் இருப்புப் பாதை பிரிந்து போவதைக் கண்டேன். நம்முடையதைப் போன்றே ஐந்தடி ஆறங்குல அகலப் பாதை. அதைத் தொழில்முறையில் வியந்துகொண்டிருந்தேனேயன்றி, அப்பாதையில் ஏறவேண்டுமென்று தோன்றவில்லை. கொழும்பில் வாங்கிக்கொள்ளலாம், கடைசி நாள் இருக்கிறது என்று தள்ளினேன். கடைசி நாள் என்பது எல்லாவற்றையும் தாங்கும் சுமைதாங்கிக் கல் என்றே பிரயாணிகள் நம்புகின்றனர்.

அந்நாள் காலை பத்து மணிக்குப் புறக்கோட்டையில் இறங்கினோம். விமானம் மாலையில், கட்டுநாயக்க விமான நிலையமோ நகரத்திலிருந்து முப்பது கிலோமீட்டர்த் தொலைவு. இரண்டு மணிக்கு வேன் வந்துவிடும். கையில் எஞ்சியது பன்னீராயிரம் இலங்கை ரூபாய். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்றரைக்கு மேல் கிடைத்தமையால், கையிலிருப்பது பெருந்தொகை என்ற மயக்கம் உண்டாகிவிட்டது. அப்பணத்தை நம்மூரில் மாற்றுவது கடினம், செலவழித்துத்தான் தீரவேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்தது. கடைசி நாள் வியாபாரம் நடப்பது பெரும்பாலும் இவ்விரண்டாலேயே.

சிவப்பும் வெள்ளையுமாக எழுந்து நிற்கும் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள குறுக்குத் தெருக்களில் கூட்டம் நம் சாலைத் தெருவைத் தோற்கடிக்கும். முதலில் ஆபீஸ் நண்பர்களுக்காகப் பன்னிரண்டு யானைக் கீசெயின் வாங்கினேன். மகன் அம்பலாங்கொடை முகமூடியென்று ஒன்றைப் பிடித்துக்கொண்டான். மரம் மிக இலேசாயிருந்தது, வர்ணம் கையில் ஒட்டியது. என் மைத்துனனுக்கு இரண்டு பனியன் எடுத்தோம். நல்ல பருத்தி, மலிவான விலை. விடுதியில் பிரித்துப் பார்த்தபோது கழுத்துப் பட்டியில் திருப்பூர் என்றிருந்தது. கோவை ஜில்லாவை ஒட்டிய சரக்கைக் கடல் கடந்து சென்று வாங்கிவந்த பெருமை எங்களுக்கு உண்டு.

கறுவாப்பட்டை வாங்கியதில் மட்டும் என் மனைவி ஏமாறவில்லை. இலங்கைக் கறுவா காகிதம்போல் மெல்லிய பல சுருள்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கியது, விரலால் நொறுக்கலாம். நம்மூர்க் கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் தடித்த ஒற்றைச் சுருள் வேறு மரத்தின் பட்டை. கித்துள் பாணியும் ஒரு புட்டி வாங்கினாள். நாம் அக்கானி காய்ச்சிக் கருப்பட்டி செய்வதுபோல, அவர்கள் கூந்தற்பனையின் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் பாகு அது. பெட்டியில் ஒழுகிவிடுமென்று அஞ்சி அதைக் கைப்பையில் வைத்தோம். நூறு மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவப் பாத்திரம் கைப்பையோடு செல்ல அவ்விமான நிலையத்தில் அப்போது அனுமதி இல்லை. படித்திருந்தும் மறந்தேன். சோதனை மேசையில் அதை விட்டுவிட்டு வந்தோம். அன்பர்கள் பாணி வாங்கினால் துணியில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வைக்கவேண்டும்.

தேயிலை நினைவு வந்தபோது மணி ஒன்றரை. கையில் ஆயிரத்துச் சொச்சம். ஒரு சிறிய கடையில், பேச்சிலேயே மலையகம் தெரிந்த பெரியவர் ஒருவர் இருந்தார். "அட்டன் தேயிலை உண்டா, ஐயா?" என்றேன்.

"அட்டன்ல வெளைஞ்சது எல்லாம் ஏலத்துக்குப் போயி, வாங்குனவன் கலந்து கட்டிருவான் தம்பி. பொட்டியில கம்பெனி பேருதான் இருக்கும்," என்றார்.

எனக்கு முகம் வாடிற்று. யாருக்கு வேண்டுமென்று கேட்டார், சொன்னேன். அவர் ஏணி வைத்து மேல்தட்டிலிருந்து நான்கைந்து பெட்டிகளை இறக்கி, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். வாளேந்திய சிங்க முத்திரை இருந்தால் முழுதும் இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பெட்டியிலிடப்பட்டது என்று பொருளாம். அதற்கு மேல், விளைந்த வட்டாரத்தின் பெயர் சிலவற்றில் இருக்கும். "டிம்புலா" என்ற பெயருடைய பெட்டியை எடுத்து நீட்டினார். அட்டன், டிக்கோயா, தலவாக்கலை, பொகவந்தலாவை எல்லாம் அந்த வட்டாரத்துள் அடங்குபவை. பெரிய பெட்டிக்குப் பணம் போதவில்லை. இருநூறு கிராம் பெட்டி ஒன்று வாங்கினேன். வேன்காரர் மூன்றாம் முறை போன் செய்தார்.

ஊர் வந்த மறுநாள் காலை, அத்தை அப்பெட்டியைத் திறந்து நெடுநேரம் முகர்ந்தார். பால் சேர்க்கவில்லை. சாயத்தை டம்ளரில் ஊற்றி, சீனியை இடது உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு ஒவ்வொரு மிடறாகக் குடித்தார். என் பிள்ளைகள் சிரித்தனர், அவரும் சிரித்தார்.

அப்போதுதான் சொன்னார்: "நாங்கள் புறப்படுவதற்கு முதல்நாள் அப்பா அட்டன் கடைவீதிக்குப் போய் ஒரு தகரப் பெட்டியும் பித்தளைப் பூட்டும் வாங்கிவந்தார். ஊரிலே மதிப்பாக இருக்குமென்றார். பெட்டிக்குள் வைக்கத்தான் அதிகம் ஒன்றும் இல்லை. அம்மா பழைய சாக்குகளை மடித்து அடியில் போட்டாள், தூக்கும்போது ஆடாமலிருக்க."

அந்தத் தகரப் பெட்டி இன்றும் புனலூரில் அவருடைய தம்பி வீட்டில் இருக்கிறது. பூட்டு இல்லை. என் பன்னிரண்டு கீசெயின்களில் மூன்று இன்னும் ஆபீஸ் மேசை அறையில் கிடக்கின்றன. வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை.