கரையில் வெயில், ஆற்றில் வெள்ளம்: சாலியாற்றில் கயாக் இறக்கும் முன் எதைப் பார்க்கணும்?

நெல்லியாளம், தேவாலா, நாடுகாணி வட்டாரத்தின் மேற்குச் சரிவுகளில் பெய்யும் மழை தமிழ்நாட்டுக்குள் தங்குவதில்லை. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஓடைகளாக இறங்கி, பாண்டியாறு, புன்னம்புழா வழியாகக் கேரளத்தின் சாலியாற்றில் போய்ச் சேர்கிறது. (பாண்டியாறு–புன்னம்புழா என்ற பெயரைத் தேர்தல் நேரத்தில் கேட்டிருப்பீர்கள். அந்தத் தண்ணீரை மாயாற்றுக்குத் திருப்ப வேண்டும் என்பது கொங்கு மாவட்டங்களின் நீண்டகாலக் கோரிக்கை.)

நாடுகாணியில் இருந்து மலை இறங்கினால் வழிக்கடவு, அடுத்து நிலம்பூர். கூடலூர், பந்தலூர் பக்கத்து இளைஞர்களுக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரிப். ஆற்றங்கரையிலேயே கனோலி பிளாட் இருக்கிறது. மலபார் கலெக்டராக இருந்த கனோலியின் காலத்தில், 1840களில் நட்ட தேக்கு இன்னும் அங்கே நிற்கிறது. நிலம்பூர் மரங்களை இதே ஆற்றில் மிதக்கவிட்டுத்தான் கடற்கரைக்குக் கொண்டு போனார்கள். இப்போது மரத்துக்குப் பதில் கயாக். நிலம்பூரில் இருந்து பேப்பூர் வரை 68 கிலோமீட்டரை மூன்று நாளில் துடுப்புப் போட்டுக் கடக்கும் ‘சாலியார் ரிவர் பேடில்’ பயணம், வழியில் ஆற்றுக் குப்பையையும் அள்ளிக்கொண்டே போகும்.

ரீல்ஸில் பார்த்தால் ஆறு கண்ணாடி மாதிரி இருக்கும். உடனே இறங்கத் தோன்றும். அங்கேதான் சிக்கல்.

மழை எங்கே பெய்கிறது?

சாலியாறு எலம்பலேரி மலையில் பிறந்து, 169 கிலோமீட்டர் ஓடிப் பேப்பூரில் கடலில் கலக்கிறது. மேலே செங்குத்தான மலை, கீழே திடீரெனச் சமவெளி. அதனால் மலையில் கொட்டும் மழை சில மணி நேரத்திலேயே நிலம்பூர் வந்துவிடும். நீங்கள் நிற்கும் கரையில் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம்.

2019 ஆகஸ்ட் 8-ம் தேதி பதிவான கணக்கில், நீலகிரியின் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் மழை. சென்னையில் பல மாதம் சேர்த்துப் பெய்ய வேண்டியது ஒரே நாளில். அதே நாளில் நிலம்பூரை அடுத்த கவளப்பாறையில் நிலச்சரிவு, 59 பேர் உயிரிழந்தார்கள். நிலம்பூர் டவுனுக்குள் ஆறு புகுந்தது. 2024 ஜூலை 30 அதிகாலை முண்டக்கை, சூரல்மலையில் மலை சரிந்தபோது, அங்கிருந்து அடித்துச் செல்லப்பட்டவர்களின் உடல்களைப் பல கிலோமீட்டர் கீழே, போத்துகல் பகுதியில் சாலியாற்றில் இருந்துதான் எடுத்தார்கள்.

ஆக, மொபைலில் ‘நிலம்பூர் வெதர்’ மட்டும் பார்ப்பது பாதி வேலைதான். மலப்புரத்துக்கு மஞ்சள் எச்சரிக்கை இருக்கும்போதே நீலகிரிக்கோ வயநாட்டுக்கோ ஆரஞ்சு இருக்கலாம். ஆரஞ்சு என்றால் 24 மணி நேரத்தில் சுமார் 12 முதல் 20 சென்டிமீட்டர் வரை மழை, சிவப்பு என்றால் அதற்கும் மேல். மூன்று மாவட்டத்தையும் பார்க்க வேண்டும், அதுவும் முந்தைய இரண்டு நாளையும் சேர்த்து. ஊர்ல இருக்கிற ஃப்ரெண்டுக்கு ஒரு போன் போட்டு “தேவாலாவில் ராத்திரி மழையா?” என்று கேட்பது இன்னும் நல்லது. தென்மேற்குப் பருவத்தில் தமிழக மழைப் பட்டியலில் அடிக்கடி முதலிடத்துக்கு வரும் ஊர் அது.

கரையில் நின்று எதைப் பார்ப்பது?

கரைக்குப் போனதும் படகை இறக்க வேண்டாம். தண்ணீர் விளிம்பில் ஒரு கல்லை அடையாளம் வைத்துவிட்டு அரை மணி நேரம் சும்மா இருங்கள். கல் முழுகினால் ஆறு ஏறுகிறது. தெளிந்த நீர் செம்மண் நிறமாக மாறுவது, இலையும் சுள்ளியும் அதிகமாக மிதந்து வருவது, சத்தம் கூடுவது எல்லாமே மேலிருந்து வரும் தகவல்தான். வீட்டுக்குக் கிளம்பலாம்.

நீர்மட்டம் சரியாக இருந்தாலும் இரண்டு விஷயம் ஆளை விழுங்கும். ஒன்று, கரையில் சாய்ந்து கிடக்கும் மரமும் மூங்கில் புதரும். தண்ணீர் அதற்குள் புகுந்து போய்விடும், ஆள் போக முடியாது. ஓட்டத்தின் அழுத்தம் அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். இன்னொன்று தடுப்பணை. இரண்டு, மூன்று அடி உயரம்தானே என்று தோன்றும். ஆனால் விழும் தண்ணீர் அடியில் சுருண்டு மேல்நோக்கித் திரும்புவதால், அதில் மாட்டியவரை லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். தடுப்பணைக்கு முன்பே கரையேறி, படகைத் தூக்கிக்கொண்டு நடந்து கடப்பதுதான் ஒரே வழி. கீழே ஊர்க்கடவில் உப்புநீரைத் தடுக்கும் ரெகுலேட்டரும் இருக்கிறது. முதல்நாளே ஸ்கூட்டரில் கரையோரமாக ஒரு ரவுண்டு போய் இவற்றை மேப்பில் குறித்துக்கொள்வதைத்தான் ‘ஸ்கவுட்டிங்’ என்கிறார்கள். ஏறும் கரையைவிட இறங்கும் கரையை முதலில் பார்ப்பது வழக்கம்.

“கொடஞ்சேரியில் மழையிலதானே ஓட்டுறாங்க?”

நியாயமான கேள்வி. சாலியாற்றின் துணையாறான இருவஞ்சிப்புழையிலும் அதில் சேரும் சாலிப்புழையிலும் மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் பருவமழையில்தான் நடக்கிறது. வெளிநாட்டு வீரர்களும் வருகிறார்கள். ஆற்றின் கடினத்தை ஒன்று முதல் ஆறு வரை பிரிக்கும் சர்வதேச அளவுகோலில் மேல் படிகளைப் பழகியவர்கள் அவர்கள். கரையில் கயிறோடு மீட்புக் குழுவும் நிற்கிறது. புதியவர்களுக்கு ஒன்றாம் படியே போதும். மழை ஓய்ந்தபின் நிலம்பூருக்குக் கீழே கிடைக்கும் மெதுவான ஓட்டம் ஏறக்குறைய அதுதான்.

அனுமதி?

எல்லா ஆறும் திறந்த ஆறு இல்லை. முதுமலைக்குள் ஓடும் மாயாறு புலிகள் காப்பகம், அங்கே படகுப் பேச்சே கிடையாது. நிலம்பூர் பக்கம் 2020-ல் அறிவிக்கப்பட்ட கரிம்புழா சரணாலயம் நம் முக்கூர்த்தி தேசியப் பூங்காவை ஒட்டியது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவதே குற்றம்.

முண்டேரி காட்டுக்குள் நிலைமை வேறு. 2019 வெள்ளம் இருட்டுகுத்திப் பாலத்தை அடித்துச் சென்ற பிறகு, அக்கரைப் பழங்குடிக் குடும்பங்கள் ரேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மூங்கில் தெப்பத்தில்தான் சாலியாற்றைக் கடந்து வந்தன. மழைக்காலத்திலும்.