மேலே மீன், கீழே மின்சாரம்!

மீன் தொட்டிக்கு அலமாரி செய்யுமுன் யோசிக்க வேண்டியவை

தர்மபுரியிலிருந்து சுமார் 46 கிலோமீட்டர் தொலைவில், காவிரி பாறைகளைப் பிளந்துகொண்டு விழும் இடம் ஒகேனக்கல். அங்கே போகிறவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறார்கள், பரிசல் ஏறுகிறார்கள், பொரித்த மீனை ஒரு கை பார்க்கிறார்கள். குழந்தைகளுக்கோ ஆசை வேறு. இலையில் கிடக்கும் மீனைவிடக் கண்ணாடிக்குள் நீந்தும் மீன்தான் அவர்கள் கண்ணுக்கு விருந்து. மீன்வளத் துறை அங்கே மீன் காட்சியகம் ஒன்றையும் அமைத்தது அல்லவா? அதைப் பற்றிக் கேள்விப்பட்ட பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? வீடு திரும்பியதும், "நம்ம வீட்டிலும் ஒரு தொட்டி வைக்கலாமே, அப்பா!" என்று பல்லவி ஆரம்பமாகிவிடும். அப்பாவும் இரண்டு நாளில் மசிந்துவிடுவார்.

தொட்டி வந்து சேருகிறது. அதன் பின்னாலேயே பரிவாரமும் வந்து சேருகிறது. நீரைச் சுத்தம் செய்ய ஒரு பில்டர், காற்று ஊத ஒரு மோட்டார், மேலே விளக்கு, மார்கழிக் குளிருக்கு ஒரு ஹீட்டர். ஒவ்வொன்றுக்கும் ஒரு வயர். சிலவற்றுக்கு ரப்பர்க் குழாய். கூடத்தின் அழகே கெட்டுவிடுகிறது. "தொட்டிக்கு அடியில் ஓர் அலமாரி அடித்து, எல்லாவற்றையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவோம்" என்று முடிவாகிறது.

சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. தண்ணீரும் மின்சாரமும் கீரியும் பாம்பும் போன்றவை. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுக் கதவைச் சாத்துகிறவர், முதலில் கொஞ்சம் யோசித்தாக வேண்டும்.

பழைய ஆசைதான்!

கண்ணாடிக்குள் மீனை வைத்துப் பார்க்கும் ஆசை புதிதல்ல. 1853-ல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் பொதுமக்களுக்காக மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டே பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கை ஆராய்ச்சியாளர் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுத, இங்கிலாந்தின் வீடுகளுக்குள் மீன் தொட்டி நுழைந்துவிட்டது. சென்னைக் கடற்கரையில் 1909-லேயே மீன் காட்சியகம் இருந்தது. இன்று சென்னை கொளத்தூர் வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர் பெற்ற இடம்.

அந்தக் காலத்துத் தொட்டியில் தண்ணீரும் செடியும் மீனும்தான். இன்றையத் தொட்டிக்கோ கீழே ஒரு சிறு இயந்திரசாலையே தேவைப்படுகிறது!

முதலில் பாரம்

மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள ஒரு சாதாரணத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். அது நாலரை கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம், சுமார் 127 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். லிட்டருக்கு ஒரு கிலோ அல்லவா? கண்ணாடி, கூழாங்கல் எல்லாம் சேர்ந்தால் எடை 170 கிலோவை நெருங்கிவிடும். மூன்று ஆட்கள் இராப்பகலாக அந்த அலமாரி மேல் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆகவே பாரம் ஆணியில் நிற்கக் கூடாது. மேல்பலகை, பக்கப் பலகைகளின் தலைமேல் உட்கார வேண்டும். பக்கப் பலகை நேராகத் தரைக்குப் பாரத்தை இறக்க வேண்டும். மூன்றடி நீளத்துக்கு நடுவே ஒரு தடுப்புப் பலகையும் அவசியம். பிளைவுட் வாங்கும்போது ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் ரகமா என்று பார்ப்பது நல்லது. மரத்தூளை அழுத்திச் செய்த மலிவுப் பலகை, ஈரம் பட்டதும் ஊறிய ரொட்டி போல் உப்பிவிடும். நல்ல பலகையானாலும் அறுத்த ஓரங்களுக்கும், குழாய்க்காகப் போட்ட துளைகளின் உள்பக்கத்துக்கும் வார்னிஷ் பூசாமல் விடக் கூடாது. தண்ணீர் நுழையும் வாசல் அதுதான்.

ஈரத்துக்கு ஒரு பக்கம், மின்சாரத்துக்கு ஒரு பக்கம்

நடுவில் வைத்த அந்தத் தடுப்புக்கு இன்னொரு பெரிய பிரயோஜனம் உண்டு. அது அலமாரியை இரண்டு அறைகளாக்குகிறது. ஒன்று ஈர அறை: பில்டர், குழாய், வாளி, துணி எல்லாம் இங்கே. மற்றது உலர்ந்த அறை: சுவிட்சு போர்டு, டைமர், மீன் தீனி, மருந்துப் புட்டிகள் அங்கே. மருந்து இருக்கும் தட்டு குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். பூட்டு இருந்தால் இன்னும் உத்தமம்.

சுவிட்சு போர்டைத் தரைப் பலகையில் கிடத்துவது பெரும் தவறு. தண்ணீர் எங்கே ஒழுகினாலும் கடைசியில் வந்து தேங்கும் இடம் அதுதான். போர்டு பக்கச் சுவரில், உயரத்தில் இருக்க வேண்டும். தொட்டியிலிருந்து வரும் வயர் நேராகப் பிளக்குக்குள் நுழையவும் கூடாது. பிளக்கைவிடக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி, பிறகு மேலேறி நுழைய வேண்டும். வயர் வழியே வழியும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்கு ஏறாது. காசு செலவில்லாத காப்பு இது!

செலவு செய்ய வேண்டிய காப்பும் ஒன்று உண்டு. "வீட்டில் பியூஸ் இருக்கிறதே" என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். பியூஸ் வயரைத்தான் காக்கும், ஆளைக் காக்காது. அது பல ஆம்பியர் பாய்ந்தால்தான் போகும். மனித உயிருக்கு ஆபத்து அதைவிட மிகக் குறைந்த மின்சாரத்திலேயே வந்துவிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவியும், ஒழுங்கான எர்த்தும் இருக்கும் வீட்டில்தான் மீன் தொட்டிக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். தொட்டிக்குள் கை விடுமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுவது அதற்கும் மேலான பழக்கம்.

நள்ளிரவில் நடக்கும் விபரீதம்

காற்று மோட்டாரை அலமாரிக்குள் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பீப்பாயிலிருந்து மண்ணெண்ணெயைக் குழாய் வைத்து உறிஞ்சி இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் மோட்டாருக்கும் அதே கதிதான். மோட்டார் ஓடும்வரை காற்று மேலே போகிறது. நடு இரவில் மின்சாரம் நின்றதோ, தொட்டித் தண்ணீர் அதே குழாயில் கீழே இறங்க ஆரம்பிக்கிறது. மோட்டாரை நனைத்து, அலமாரியை நனைத்து, போர்டு கீழே கிடந்தால் அதையும் எட்டிப் பார்க்கும். மறுபடி மின்சாரம் வரும்போது என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பரிகாரம் சுலபமானது. மோட்டாரை நீர்மட்டத்துக்கு மேலே மாட்டலாம். அல்லது காற்றுக் குழாயில், தொட்டிக்குப் பக்கத்தில், ஒருவழி வால்வு ஒன்றைச் சொருகலாம். விலை மிகச் சொற்பம்.

பில்டருக்கு மூச்சு வேண்டும்

வெளியே வைக்கும் பெரிய பில்டர் நீர்மட்டத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். அதன் உயரத்தை அளந்து அலமாரி செய்தால் போதாது. குழாய் மடங்காமல் வளையவும், மூடியைத் திறக்கவும் மேலே இடம் வேண்டும். அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருந்தால் ஒழுகலும் உடனே தெரிந்துவிடும்.

பில்டர் வெறும் அழுக்கு வடிகட்டியல்ல. அதற்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நஞ்சை நைட்ரைட்டாகவும், பிறகு கெடுதல் குறைந்த நைட்ரேட்டாகவும் அவை மாற்றுகின்றன. பில்டரின் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய் நீரில் அலசினால் அந்தக் குடித்தனமே காலி! தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும். பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் கிடந்தால், மூடிய பில்டருக்குள் பிராணவாயு தீர்ந்து நீர் கெட்டுவிடும். அந்த நீரைக் கொட்டிவிட்டுத்தான் மறுபடி ஓட விட வேண்டும்.

அலமாரியின் முதுகையும் முழுக்க மூடிவிடக் கூடாது. காற்றோட்டம் இல்லாவிட்டால் உஷ்ணமும் ஈரமும் உள்ளேயே தங்கும். கீல் துருப்பிடிக்கும், பலகை பூஞ்சை பூக்கும்.

தர்மபுரித் தண்ணீர்

தர்மபுரி மாவட்டத்தில் தண்ணீரைப் பற்றிப் பேசாமல் மீனைப் பற்றிப் பேச முடியாது. இங்கே பல ஊர்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர விதி. மீறினால் பல்லும் எலும்பும் கெடும். இந்தத் துயரத்தைத் தீர்க்கத்தான் ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேறி, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது.

அப்படி வரும் காவிரி நீரை மீனுக்காக வீணாக்கலாமா? வாரம் கால் பங்கு மாற்றினாலே 30 லிட்டர் ஆகிறதே! ஆனால் தொட்டியிலிருந்து எடுக்கும் நீர் கழிவல்ல. உப்பும் மருந்தும் கலக்காதிருந்தால் அது செடிக்கு நல்ல உரம். கறிவேப்பிலைக்கும் மல்லிகைக்கும் ஊற்றினால் துளிகூட வீண் இல்லை. புதிதாக விடும் நீரைத் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்திருந்தால் குளோரின் பெரும்பாலும் பறந்துவிடும். கடினமான கிணற்று நீர்தான் கதி என்றால், அதில் செழிக்கும் கப்பி, மோலி போன்ற மீன்களை வாங்குவதே விவேகம். ஆகவே ஈர அறையில் இரண்டு வாளிக்கு இடம் ஒதுக்க மறக்கக் கூடாது.

சாக்கட்டிச் சோதனை

ஆசாரி பலகையில் ரம்பம் வைக்குமுன் ஒரு காரியம் செய்யலாம். கூடத்துத் தரையில் அலமாரியின் அளவைச் சாக்கட்டியால் உள்ளது உள்ளபடி வரைந்து, வாங்கிய சாமான்களை அந்தக் கோட்டுக்குள் பரப்பிப் பார்க்க வேண்டும். பில்டரை வெளியே எடுக்க முடிகிறதா? வயர் போர்டு வரை எட்டுகிறதா? கதவு திறந்தால் நடைவழியை மறிக்கிறதா? ஆக வேண்டிய தவறெல்லாம் சாக்கட்டிக் கோட்டிலேயே ஆகிவிட்டால், பலகையும் பணமும் மிச்சம். அலமாரி வந்ததும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, தரை மேடு பள்ளத்துக்கு ஏற்பச் சரிசெய்த பிறகே தொட்டியை ஏற்ற வேண்டும்.

தொட்டியின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளை, மேலே உள்ள மீனை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான். ஒரு நாள் ஈரக் கையோடு கீழ்க் கதவையும் திறந்து பார்ப்பான். அந்த ஒரு நாளை நினைத்து அலமாரி செய்கிறவர்தான் கெட்டிக்காரத் தகப்பனார்!