கணினி வந்துவிட்டது, கல்லூரி மாறிவிட்டதா?

உயர்கல்வியில் இலக்கவியல் உருமாற்றம் என்றதும் நம் மனக்கண்ணில் என்ன தோன்றுகிறது? மடிக்கணினி, பெரிய திரை, வீட்டிலிருந்தபடியே விரிவுரை. இவை இருந்தால் போதும், கல்லூரி நவீனமாகிவிட்டது என்று விளம்பரம் செய்கிறார்கள். பெற்றோர்களும் நம்பிப் பணம் கட்டுகிறார்கள். நான் இதைப் பிரிக்பீல்ட்ஸிலிருந்து பார்க்க விரும்புகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் என்றால் நமக்குக் கோயில்களும் பூமாலைக் கடைகளும் வாழையிலைச் சாப்பாடும் நினைவுக்கு வரும். 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் அங்கேதான் இருக்கிறது. வெள்ளைக் கைத்தடியுடன் நடப்பவர்களை அந்த வட்டாரத்தில் நாம் அதிகம் பார்ப்பது அதனால்தான். நடைபாதையில் வரிவரியாகப் புடைத்திருக்கும் கற்கள் அவர்களுடைய கால்களுக்கு வழிகாட்ட வைத்தவை. அதன்மேல் நாம் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறோம், அது வேறு கதை.

அப்படிப் பார்வையில்லாத ஒரு மாணவர் பல்கலைக்கழகத்தில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்பெல்லாம் பிரெய்ல் நூல் கிடைக்க வேண்டும்; இல்லையென்றால் பக்கத்தில் யாராவது உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். இன்று திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் மென்பொருள்கள் உள்ளன. மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர் 2006இல் தொடங்கிய என்விடிஏ இலவசமாகவே கிடைக்கிறது. தமிழையும் வாசிக்கும். குரல் கொஞ்சம் இயந்திரத்தனமாக இருக்கும், பழகிவிட்டால் சிரமமில்லை.

இப்போது விரிவுரையாளர் என்ன செய்கிறார்? பழைய நூல் ஒன்றின் 40 பக்கங்களை ஸ்கேன் செய்து, பல்கலைக்கழக இணையத்தளத்தில் ஏற்றிவிடுகிறார். நம் கண்ணுக்கு அது பக்கம். மென்பொருளுக்கோ அது ஒரு புகைப்படம். படத்தில் எழுத்து என்று எதுவும் இல்லாததால் அது வாயைத் திறக்காது. கல்லூரியின் கணக்கில் ஒரு பாடம் இலக்கவியலுக்கு மாறிவிட்டது. அந்த மாணவர் மட்டும் வாசித்துக் காட்ட ஆள் தேடுகிறார், 30 ஆண்டுகளுக்கு முன் போலவே.

தமிழ் படிப்போருக்கு இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒரு காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு வைத்துத் தட்டச்சு செய்தோம். திரையில் தமிழ் தெரியும், உள்ளே பதிவாகியிருப்பது வேறு குறியீடுகள். அதே எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கிறுக்கல்தான் வரும். யூனிகோட் வந்த பிறகே எல்லாக் கணினிக்கும் அ என்றால் அ ஆனது. இந்தத் துறைக்கு நம் நாட்டின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் வழியாக ஆற்றிய பணியை நாம் அறிவோம். 2001இல் தமிழ் இணைய மாநாடு நடந்ததும் கோலாலம்பூரில்தான். இத்தனைக்குப் பிறகும் பழைய எழுத்துருவில் தட்டிய பாடக்குறிப்புகள் இன்னும் கைமாறிக் கொண்டிருக்கின்றன.

ஸ்கேன் செய்வதற்குப் பதில் எழுத்தாகத் தர வேண்டும், படத்துக்கு ஒரு வரி விளக்கம் சேர்க்க வேண்டும், காணொளிக்கு வசனவரி போட வேண்டும். செலவு பெரிதில்லை, அக்கறைதான் வேண்டும். இதனால் பயன்பெறுவது பார்வையில்லாதவர் மட்டும்தானா? கிள்ளானில் கிடங்கு வேலை முடிந்து, பேருந்தில் கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு படிக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். எழுத்தாக உள்ள பாடம் சிறிய திரைக்கு ஏற்றபடி மடங்கிக் கொள்ளும், தேடினால் கிடைக்கும். ஸ்கேன் செய்த பக்கம் டேட்டாவைத் தின்றுவிட்டு, இழுத்து இழுத்துப் பார்க்க வைக்கும்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது நாடே இந்தப் பாடத்தைப் படித்தது. அந்த ஆண்டு ஜூனில் சபா, பித்தாஸ் பகுதியில் ஒரு பல்கலைக்கழக மாணவி இணையத் தொடர்புக்காக மரத்தில் ஏறித் தேர்வு எழுதினார். அது தொலைதூரக் கிராமம் என்று ஒதுக்கிவிட முடியாது. நம் கிள்ளான் பள்ளத்தாக்கு அடுக்குமாடி வீடுகளில் கோபுரம் பக்கத்திலேயே இருந்தும், மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைத்தொலைபேசி. மூவருக்கும் காலை 10 மணிக்கு நேரடி வகுப்பு என்றால் இருவர் பாடத்தை இழக்கிறார்கள். பதிவு செய்து வைத்த 15 நிமிடக் காணொளியாக இருந்தால் இரவில் பார்க்கலாம். 2000இல் அமைக்கப்பட்ட மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வேலை செய்பவர்களை மனதில் வைத்தே பாடங்களை அமைத்தது. இரண்டு மணி நேர விரிவுரையை அப்படியே கேமரா முன் பேசுவது அந்த வகையில் சேராது.

ஆனால் நம் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது வகுப்பறையில்கூட இல்லை, வாசற்படியில். எஸ்பிஎம் முடிவு கையில் இருக்கும். யுபியு விண்ணப்பம் இணையத்தில். 12 தேர்வுகள் வரை வரிசைப்படுத்தலாம். தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்வி, 10 விழுக்காடு புறப்பாடம். சில துறைகளுக்கு நேர்முகத் தேர்வும் உண்டு. இடம் கிடைத்தாலும் குறித்த நாளுக்குள் இணையத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும், மறந்தால் போச்சு. பிடிபிடிஎன் கடனுக்கோ முதலில் எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கு வேண்டும். குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு இதையெல்லாம் யார் சொல்வது? அப்பாவுக்குத் தெரியாது. அம்மா, “நீ பார்த்துக்கோ ஐயா” என்பார்.

அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் இதற்கொரு வழி கண்டது. வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஏராளமாகப் படிக்கும் இடம் அது. சேர்க்கை உறுதியான பலர், விடுமுறை முடிவதற்குள் காணாமல் போய்விடுவார்கள். 2016இல் கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தி வழியாகக் கேள்விக்குப் பதில் சொல்லும் கணினி உரையாடி ஒன்றை அமைத்தார்கள். எந்தப் படிவம், எந்தத் தேதி என்று இரவு 12 மணிக்குக் கேட்டாலும் பதில் வரும். அந்த இழப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அதற்கு முன்பே, 2012இலிருந்து, 800க்கும் மேற்பட்ட அறிகுறிகளை வைத்து ஒவ்வொரு மாணவரையும் கவனித்து வந்தார்கள். ஒரு பாடத்தில் சறுக்கினால் ஆலோசகருக்கு உடனே தெரியும், அவர் மாணவரை அழைத்துப் பேசுவார். கவனியுங்கள், கணினியோடு ஆலோசகர்களையும் கூடுதலாக நியமித்தார்கள். மணி அடிப்பது கணினி. கதவைத் திறக்க ஓர் ஆள் வேண்டும். இங்கே பல இடங்களில் மணி வாங்கவே பட்ஜெட் முடிந்துவிடுகிறது.

ஆகவே பெற்றோர்களே, அடுத்த முறை கல்லூரிக் கண்காட்சிக்குப் போனால், எத்தனை கணினி என்று கேட்காதீர்கள். என் பிள்ளை இரண்டு வாரம் எந்தப் பாடத்தையும் திறக்காவிட்டால் யார் கூப்பிடுவார்கள் என்று கேளுங்கள். அவர்கள் தரும் பாடக்குறிப்பு ஒன்றைக் கைத்தொலைபேசியில் திறந்து, ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். அந்தச் சொல் மட்டும் நிறம் மாறினால் அது எழுத்து. எதுவும் நடக்காவிட்டால், பெரும்பாலும் அது வெறும் புகைப்படம்தான்.