தூத்சாகர் அருவிக்கு மழைக்காலத்தில் செல்லத் தடை ஏன்?

பனாஜி: கோவா-கர்நாடக எல்லையில் சுமார் 310 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தூத்சாகர் அருவி, தென்மேற்குப் பருவமழையின்போதுதான் பெயருக்கேற்பப் பாற்கடலாகக் காட்சியளிக்கிறது. ஆனால், அதே மாதங்களில்தான் அங்கு செல்லும் காட்டுப் பாதை மூடப்படுகிறது.

பகவான் மகாவீர் வனவிலங்கு சரணாலயப் பகுதியில் உள்ள இந்த அருவிக்கு, வழக்கமாக அக்டோபர் முதல் மே வரை கொலெம் கிராமத்திலிருந்து ஜீப்கள் இயக்கப்படுகின்றன. வழியில் குறுக்கிடும் ஓடைகளுக்குப் பாலம் கிடையாது; நீரில் இறங்கியே ஜீப்கள் கடக்கின்றன. மழைக்காலத்தில் அந்த ஓடைகளில் வெள்ளம் புரள்கிறது.

அருவியின் அடியிலுள்ள குளமும் நம்பத்தக்கதன்று. மலை உச்சியில் பெய்யும் மழை, அடிவாரத்தில் வெயில் காயும்போதே திடீர் வெள்ளமாக வந்துசேரக்கூடும். நீர் கலங்குவதும் சருகுகள் மிதந்து வருவதும் அதன் முன்னறிகுறிகள். அவற்றைக் கண்டதும் அனைவரையும் கரையேற்றுவதே வழிகாட்டியின் முதற்கடமை. புகைப்படம் எடுத்துத் தருவது அன்று.

பாதை மூடப்பட்டதும் பலர் தண்டவாளம் வழியாக நடக்க முற்படுகின்றனர். சுரங்கங்களும் வளைவுகளும் நிறைந்த அந்த மலைப்பாதையில் ரயில் வந்தால் பல இடங்களில் ஒதுங்கக்கூட இடமில்லை. மழை இரைச்சலில் ரயிலின் ஓசையும் அமுங்கிவிடும். 2023 ஜூலையில் இவ்வாறு சென்றவர்களைக் காவலர்கள் தோப்புக்கரணம் போடவைத்த காணொலி பரவியது.

ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவின்படி, அத்துமீறி நுழைவோருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது ரூ.1,000 வரை அபராதம் அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். ரயில் பெட்டியில் அமர்ந்தபடியே அருவியைக் கண்டு களிக்குமாறு தென்மேற்கு ரயில்வே அப்போது கேட்டுக்கொண்டது. அருவியை ஒட்டிய பாலத்தின் மீதே ரயில் செல்கிறது.