நர்ஸ் உத்தியோகத்துக்குக் காத்திருக்கும் நாட்கள்

ஊரில் நான்காண்டு படித்து நர்சிங் பட்டம் பெற்று, பெற்றோருடனோ கணவருடனோ வாழத் தில்லிக்கு வந்து சேரும் நம் பெண்களின் காதில் முதலில் விழுவது, "முன் அனுபவம் உண்டா?" என்னும் கேள்விதான். வேலை கொடுத்தாலன்றோ அனுபவம் வரும் என்று அவர்கள் மனத்துக்குள் கேட்டுக்கொள்வதும் நியாயமே. போதாக்குறைக்கு, தமிழ்நாட்டில் செய்த பதிவு மட்டும் இங்கே பணிபுரியப் போதாது. தில்லி நர்சிங் கவுன்சிலிலும் பதிந்துகொள்ள வேண்டும். அதற்கு வேண்டிய காகிதங்கள் வந்து சேரும்வரை வீட்டில் அடைந்து கிடப்பதினும் தொண்டில் ஈடுபடுவது நன்று. எங்கே, எத்தகைய தொண்டு என்பதில்தான் குடும்பத்தார் கருத்தூன்ற வேண்டும்.

ஏனெனில், தொண்டு என்னும் நற்பெயரால் நடக்கும் வியாபாரமும் ஒன்றுண்டு. "ஆறு மாதம் சம்பளமின்றி வேலை பாருங்கள், அனுபவச் சான்றிதழ் தருகிறோம்" என்று சில நர்சிங் ஹோம்கள் அழைக்கின்றன. பகல் முறை, இரவு முறை எல்லாம் உண்டு. சம்பளம் மட்டும் இல்லை. உச்ச நீதிமன்றத்தின் 2016-ஆம் ஆண்டுத் தீர்ப்பையொட்டி மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் நர்சின் மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று பரிந்துரைத்தது. சம்பளத்துக்குரிய வேலையை இலவசமாகப் பெறுவோருக்கு நம் பெண்களை அனுப்புவானேன்? நைட்டிங்கேல் அம்மையார்கூட 1853-இல் லண்டன் ஹார்லி தெரு மருத்துவ இல்லத்தைச் சம்பளமின்றித்தான் நிர்வகித்தார். ஆனால் அவருடைய தந்தையார் ஆண்டுக்கு 500 பவுன் கொடுத்துவந்தார். நம் வீட்டுத் தந்தையர் என் செய்வர்!

மெய்யான தொண்டுக்கு இடமில்லாமல் இல்லை. 1996-இல் ஹர்மாலா குப்தா அவர்கள் தொடங்கிய கேன்சப்போர்ட் நிறுவனத்தின் குழுக்கள், தில்லியில் புற்றுநோயாளரின் வீடு தேடிச் சென்று கட்டணமின்றிப் பராமரிக்கின்றன. மருத்துவர், நர்ஸ், ஆலோசகர் ஆகியோர் அக்குழுவில் இருப்பர். இத்தகைய இடங்களில் தொண்டர் செய்யக்கூடியது, நோயாளியின் அருகமர்ந்து பேசுவது, அவர் சொல்வதைக் கேட்பது, வீட்டாரின் சுமையைச் சற்றே வாங்கிக்கொள்வது. இங்கே பதிவு கிடைக்கும்வரை ஊசி மருந்தில் கை வைக்கலாகாது.

வெறும் பேச்சுத்தானா என்று எண்ண வேண்டாம். இந்தி தெரியாது வந்த பெண்ணுக்கு அந்தப் பேச்சே பெரும் படிப்பு. 'சக்கர்' வருகிறது என்று ஒரு மூதாட்டி சொன்னால், நம் காதில் அது சர்க்கரையாகவே விழும். அவர் சொல்வதோ தலைசுற்றல். 'ஜலன்' என்றால் எரிச்சல். ஜலம் கேட்கிறார் என்று குவளையை நீட்டினால் வயிற்றெரிச்சல் அப்படியே இருக்கும். 'கப்ராஹட்' என்ற ஒரே சொல் மனக்கலக்கத்தையும் குறிக்கும், நெஞ்சு படபடப்பையும் குறிக்கும். எது என்று மறுகேள்வி கேட்டுத்தான் அறியவேண்டும். தமிழில் குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல் என்று வலியை நாம் வகைப்படுத்துவது போல அவர்களும் வகைப்படுத்துகின்றனர். வார்டில் முதல் நாள் பரபரப்பில் இவற்றைக் கற்க நேரம் ஏது? நோயாளியின் கட்டிலருகே நிதானமாகக் கற்றவள், நேர்முகத் தேர்விலும் தயங்காமல் விடை கூறுவாள்.

வாரத்தில் இரண்டு நாள் தொண்டு போதும். மற்ற நாட்கள் தேர்வுக்குப் படிக்க வேண்டியவை. எய்ம்ஸ் நடத்தும் நர்சிங் அதிகாரி பொதுத் தேர்வு, பட்டம் பெற்றவரிடம் முன் அனுபவம் கேட்பதில்லை என்பதைப் பலர் அறியாதிருக்கின்றனர். பட்டயம் மட்டும் பெற்றவருக்குத்தான், குறைந்தது 50 படுக்கையுள்ள மருத்துவமனையில் 2 ஆண்டு அனுபவம் வேண்டும். அவர்கள் தொண்டுச் சான்றைக் காட்டி அதை ஈடுசெய்யலாம் என்று நம்பியிராமல், சிறிதாயினும் சம்பளமுள்ள வேலையை விரைந்து தேடுதல் நலம்.

தொண்டு முடிந்து விடைபெறும்போது நிறுவனத்தாரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குக. எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன பணி என்பதெல்லாம் அதில் தெளிவாக எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.