ஆறே இல்லாத மலை ஊரில் ஒரு சனி, ஞாயிறு

நம்ம காலேஜில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு இப்போது இத்தாலியில் பீசா நகரத்தில் முதுகலை படிக்கிறேன். சாய்ந்த கோபுரம் இருக்கிற அதே பீசாதான். இல்லை, கோபுரத்தைக் கையால் தாங்குற மாதிரி நான் போட்டோ எடுக்கவில்லை. (எடுத்தேன், அழித்துவிட்டேன்.)

சனிக்கிழமை என்றால் நம்ம ஊரில் சம்பள நாள். பட்டாசு ஆபிஸ், தீப்பெட்டி ஆபிஸ், அச்சாபிஸ் எல்லாம் சாயங்காலம் விட்டதும் பஜாரில் கால் வைக்க இடம் இருக்காது. இங்கே சனிக்கிழமை என்றால் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு எங்கேயாவது கிளம்பிவிட வேண்டும். ஹாஸ்டலிலேயே இருந்தால் பாவமாகப் பார்ப்பார்கள். ஒவ்வொரு யூரோவையும் நூறால் பெருக்கிப் பார்க்கிற வியாதி எனக்கு முதல் ஆறு மாதம் இருந்தது. அது கொஞ்சம் தணிந்த பிறகு, ஜூன் மாதத்தில் கிளம்பியது சியெனாவுக்கும் சான் ஜிமிஞானோவுக்கும். இரண்டுமே மலை மேல் இருக்கிற பழைய ஊர்கள். பீசாவில் ரயில் ஏறி எம்போலியில் மாறினால் இரண்டு மணி நேரத்துக்குள் சியெனா. காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன்னால் நடைமேடையில் இருக்கிற மெஷினில் குத்திவிடுங்க. மறந்தால் அபராதம். நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று கேட்காதீங்க.

இந்த ஊர்களுக்குப் போகிறவர்கள் கோபுரம், கோயில், ஐஸ்கிரீம் என்று பார்த்துவிட்டு வருவார்கள். நீங்க போனால் தண்ணீரைப் பின்தொடர்ந்து போங்க என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. தண்ணிக்குக் குடத்தோடு நின்ற ஊர்க்காரனுக்கு இந்த மலை ஊர் வேறு மாதிரி தெரியும்.

சியெனாவில் ரயில்வே ஸ்டேஷன் கீழே, ஊர் மேலே. எஸ்கலேட்டர் மேல் எஸ்கலேட்டராக ஏறிக்கொண்டே இருக்கணும். கடல் மட்டத்திலிருந்து 320 மீட்டர் உயரத்தில், மூன்று மேடுகளின் முதுகில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. மேலே ஏன் கட்டினார்கள் என்பதற்குப் பதில் எளிது. எதிரி வந்தால் தூரத்திலேயே தெரியும். தாழ்வான சதுப்பு நிலத்தின் மலேரியா மேலே வராது. வடக்கிலிருந்து ரோமுக்கு யாத்திரை போகிற பாதையும் இந்த வழியாகத்தான் போனது, அதனால் வியாபாரமும் உண்டு. எல்லாம் சரி. ஆனால் ஊருக்கு ஆறு கிடையாது. 1348-ல் பிளேக் வருவதற்கு முன்பு இங்கே கிட்டத்தட்ட 50,000 பேர் இருந்திருப்பார்கள் என்கிறார்கள். அவ்வளவு பேரும் எதைக் குடித்தார்கள்?

நின்று யோசிக்க வேண்டிய கேள்வி இதுதான். மேலே இருக்கிற மண் மணல் சார்ந்தது, மழை பெய்தால் உறிஞ்சிவிடும். அதற்குக் கீழே களிமண், தண்ணீரைக் கீழே விடாது. ஆக, உறிஞ்சின மழை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சியெனாக்காரர்கள் என்ன செய்தார்கள் என்றால், சரியாக அந்த மட்டத்தில் பக்கவாட்டாகச் சுரங்கம் தோண்டினார்கள். சுவரில் கசிகிற தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தரைக்கு வரும். தரை நடுவில் ஒரு சின்ன வாய்க்கால். அதன் வாட்டம் ஒரு கிலோமீட்டருக்கு சுமார் ஒரு மீட்டர்தான். அதற்கு மேல் சரித்தால் வேகம் கூடி வாய்க்காலை அரிக்கும், குறைத்தால் வண்டல் படிந்து அடைக்கும். இந்தச் சுரங்கங்களுக்கு 'பொட்டினி' என்று பெயர், பீப்பாய் மாதிரி வளைந்த கூரை என்பதால். ஒரு ஆள் நடக்கிற உயரம். மொத்தம் சுமார் 25 கிலோமீட்டர், எல்லாம் கையால் வெட்டியது. மோட்டார் இல்லை, பம்பு இல்லை. ஃபுளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரில் அரியர் வைத்த எனக்கே புரிகிறது, உங்களுக்குப் புரியாதா?

பம்பு இல்லை என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தண்ணீர் மேலே ஏறாது. பள்ளத்தில் இருக்கிற ஊற்றுக்குத் தண்ணீர் கொண்டு வருவது சுலபம். ஊரின் நடு மைதானமான காம்போ உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் வரணும் என்றால் அதைவிட உயரமான இடத்தில் தண்ணீரைப் பிடித்து, அங்கிருந்து வாட்டம் குறையாமல் தோண்டிக்கொண்டே வரணும். வருடக்கணக்கில் தோண்டி 1340-களில் கொண்டு வந்துவிட்டார்கள். அந்த நீரூற்றுக்கு 'மகிழ்ச்சி ஊற்று' என்று அர்த்தம் வருகிற மாதிரி 'ஃபோன்தே கையா' என்று பெயர். இப்போது செல்ஃபி எடுக்கிற கூட்டத்துக்கு நடுவில் புறா தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறது.

வசதியானவர்கள் வீட்டுக்கே தண்ணீர் வாங்கலாம். அளவு 'டாடோ'. ஒரு டாடோ என்றால் 24 மணி நேரத்துக்கு சுமார் 400 லிட்டர். 15 லிட்டர் குடம் என்று வைத்தால் 26 குடம் சொச்சம். நம்ம தெருவில் லாரித் தண்ணிக்குக் குடக்கணக்கு பார்க்கிறோமே, அதே கணக்கு.

எனக்கு மனசில் நின்றது காம்போ இல்லை, பள்ளத்தில் இருக்கிற ஃபோன்தேபிராந்தா. செங்கல் வளைவுகளோடு கோட்டை வாசல் மாதிரி இருக்கும். 1081-லேயே இதைப் பற்றிய எழுத்துக் குறிப்பு உண்டு, இப்போது பார்க்கிற கட்டடம் 1246-ல் எழுந்தது. இந்த ஊரின் பழைய நீர்த்துறைகளில் தொட்டிகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதல் தொட்டி மனிதர்கள் குடிக்க. அது நிரம்பி வழிந்தால் அடுத்தது, ஆடு மாடு குதிரைக்கு. அதுவும் வழிந்தால் மூன்றாவது, துணி துவைக்க. அதையும் தாண்டின தண்ணீர் தோல் பதனிடுகிறவர்களுக்கும் சாயக்காரர்களுக்கும் மில்லுக்கும் போகும். அதனால்தான் சாயப்பட்டறைகள் இந்தப் பள்ளத்தில் இருந்தன. பக்கத்துத் தெருவில் பிறந்த புனித கத்தரீனாவின் அப்பாவும் சாயத் தொழில்காரர்.

பார்த்ததும் எனக்கு மறுகால் ஞாபகம் வந்தது. மேல் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால் கீழ் கண்மாய் நிரம்பும். குடிக்க ஊருணி தனி, அதில் மாடு இறங்கக் கூடாது, மாட்டுக்குக் கண்மாய். அதே புத்திதான், அங்கே செங்கல்லில் கட்டியிருக்கிறார்கள், இங்கே மண்ணில் கட்டினோம். வித்தியாசம் என்னவென்றால், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தூரத்து அமியாத்தா மலையிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்த பிறகும் சியெனாக்காரர்கள் சுரங்கத்தை மூடவில்லை. இன்னும் ஓடுகிறது. நமக்கு வெம்பக்கோட்டை, மானூர் தண்ணீர் குழாயில் வர ஆரம்பித்ததும் ஊருணிகளை என்ன செய்தோம்? பொத்துமரத்து ஊருணிப் பக்கம் போய்ப் பாருங்க.

அந்தத் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்திருக்கும்போது போன் அடித்தது. அம்மா. அம்மா பட்டாசு ஆபிஸில் குழாய் உருட்டுறாங்க. அங்கே மதியம் இரண்டு மணி, வேலை நேரம், வழக்கமாகக் கூப்பிடுகிற நேரம் இல்லை. வெயில் காலத்தில் நேரம் கெட்டு போன் வந்தால் நம்ம ஊர்ப் பிள்ளைகள் "ஹலோ" சொல்வதில்லை. நானும் "எந்த ஆபிஸ்?" என்றுதான் எடுத்தேன். ஒரு நிமிஷம் கை நடுங்கியது.

"ஒண்ணுமில்லய்யா. லாரித் தண்ணி வருதுன்னாங்க, அரை நாள் லீவு போட்டு நிக்கேன். நீ சாப்பிட்டியா?"

வீடியோவில் தொட்டியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இம்புட்டுத் தண்ணி கெடக்கு, ஒருத்தர்கூட துணி துவைக்கலையேய்யா?" என்றாங்க. எந்த கைடும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்.

இந்த ஊரில் இன்னொரு ஆச்சரியம் இருக்கிறது, சிவகாசிக்காரர்களுக்கு மட்டும். வன்னோச்சோ பிரிங்குச்சோ என்று ஒருவர், 1480-ல் சியெனாவில் பிறந்தவர். உலோகம் உருக்குவது, பீரங்கி வார்ப்பது பற்றி அவர் எழுதிய 'பிரோதெக்னியா' என்ற புத்தகம் அவர் இறந்த பிறகு 1540-ல் வெனிசில் அச்சானது. பத்து பாகங்கள். கடைசிப் பாகத்தில் வெடிமருந்தும் திருவிழா வாணவேடிக்கையும் வருகின்றன. 'ஜிரண்டோலா' என்று ஒன்று, நம்ம சங்குசக்கரத்துக்குப் பெரியப்பா. வெடியுப்பு எடுக்கிற வழியும் எழுதியிருக்கிறார்: எருப்படிந்த மண்ணைத் தண்ணீரில் கழுவு, சாம்பல் சேர், வடிகட்டு, காய்ச்சு. சாம்பலில் இருக்கிற பொட்டாசியம் வந்து சேர்ந்தால்தான் ஈரம் இழுக்காத உப்பு கிடைக்கும். அந்தக் காரணம் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, கைக்குத் தெரிந்திருக்கிறது. சியெனா ஆட்சிப் பகுதியில் வெடியுப்பு எடுக்கும் உரிமையே ஒரு காலத்தில் அவரிடம் இருந்தது. தண்ணிப் பஞ்ச ஊரில் பிறந்து, மருந்துத் தொழிலில் பிழைத்து, அச்சுப் புத்தகத்தில் பெயர் நிலைத்த மனுஷன். இவரை சிவகாசிக்காரர் என்று சொன்னாலும் நம்புவோம்தானே? 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தது நமக்கெல்லாம் பாட்டி சொன்ன கதை. அவர்கள் கையில் இந்த மாதிரி ஒரு புத்தகம் தமிழில் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். இன்றைக்கும் மருந்து கலக்கிறவர் பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார். ஏன் இப்படி, ஏன் அப்படிச் செய்யக் கூடாது என்பதை எழுதிக் கொடுக்க கெமிக்கல் படித்த நம்ம ஆட்கள் இல்லாமலா இருக்கிறோம்?

ஞாயிற்றுக்கிழமை சான் ஜிமிஞானோ. போஜிபோன்சியில் இறங்கி பஸ். ஒரு காலத்தில் 72 கோபுரங்கள் இருந்ததாம், இப்போது 14. பணக்காரக் குடும்பங்கள் போட்டி போட்டுக் கட்டியது. நம்ம ஊரில் கல்யாண மண்டபம் கட்டுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்க. கூட்டம் அதிகம், விலை அதைவிட அதிகம். கோபுரத்தில் ஏறாவிட்டாலும் பரவாயில்லை, 'நீர்த்தொட்டி மைதானம்' என்று பெயர் வைத்த சதுக்கத்தில் இருக்கிற கிணற்றின் கல் விளிம்பைத் தடவிப் பாருங்க. நூற்றாண்டுக் கணக்கில் கயிறு உரசி விரல் நுழைகிற ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது. எங்க ஆச்சி வீட்டுக் கிணற்றிலும் அதே தடம் உண்டு. கிணறு இப்போது சிலாப் போட்டு மூடியாச்சு. பக்கத்தில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்து ஆயிரம் அடி போர் போட்டோம், புகைதான் வந்தது. சியெனாக்காரர்களும் தரைக்குக் கீழே 'தியானா' என்று ஒரு ஆறு ஓடுவதாக நம்பித் தேடினவர்கள்தான். தாந்தேயே தன் காவியத்தில் அவர்களைக் கிண்டல் செய்திருக்கிறார். ஆறு கிடைக்கவில்லை.

ரயில், பஸ், ஒரு இரவு தங்க டார்மிட்டரி, இரண்டு நாள் பீட்சா. சாப்பாட்டைக் கையில் கொண்டுபோனால் இன்னும் குறையும், நான் புளியோதரை கொண்டுபோனேன். ஜூலை 2, ஆகஸ்ட் 16 இரண்டு நாளும் சியெனாவில் குதிரைப் பந்தயம், அன்றைக்கு ரூம் கிடைக்காது. பொட்டினிக்குள் இறங்க முன்பதிவு வேண்டும், கொஞ்சம் பேரைத்தான் விடுவார்கள். எனக்கு இந்த முறை இடம் கிடைக்கவில்லை. அடுத்த மாதத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன்.

அதற்குள் உங்களில் யாராவது ஒரு வேலை செய்யுங்க. பொத்துமரத்து ஊருணிக்கும் சிறுகுளம் கண்மாய்க்கும் வரத்துக்கால் எந்தப் பக்கமிருந்து வந்தது, மறுகால் எங்கே போனது என்று வீட்டில் இருக்கிற தாத்தா ஆச்சியிடம் கேட்டு, ஒரு பேப்பரில் கோடு போட்டு, போட்டோ எடுத்து இதழுக்கு அனுப்புங்க. வாட்டம் எவ்வளவு என்று அடுத்த கட்டுரையில் சேர்ந்து கணக்குப் போடுவோம்.